காதால் கேட்டதை எழுதுவது களவாகுமா?



ஸ்கார்பரோவில் நாம் பாடம் நடத்தும் வார இறுதி மதரஸாவில், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் காலணிகளைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், ஒரு தந்தை தம் மகனைக் கைப்பிடியாக அழைத்து வந்தார். நம் முன்னிருந்த மேசைமேல் ஒரு கட்டுத் தாள்களை வைத்தார். ஏறத்தாழ நாற்பது தாள்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு ஆறாகக் கோடுகள். கோடுகளின் மேல் எண்கள். "ஹஜ்ரத், இவன் இதையெல்லாம் இணையத்திலிருந்து திருடி வைத்திருக்கிறான். இது களவு என்று ஒரு பயானில் கேட்டேன். நீங்களே இவனிடம் சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றார். பையனுக்கு வயது பதினைந்து. தலை குனிந்து நின்றவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "பாதி நானே கேட்டு எழுதினது, ஹஜ்ரத்."

அவர் கேட்டதை நாம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அதன்பின் மூன்று பேர் கேட்டுவிட்டனர். அவர்களுள் ஒருவர் நம்மோடு பணியாற்றும் ஆலிம். அவருக்கும் அந்தப் பயானைப் பகிர்ந்துகொண்டிருப்போருக்குமான மறுப்பே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். நரம்பிசைக் கருவிகளை வாசிப்பது பற்றி நாம் கற்ற பாடம் 'கூடாது' என்பதே. வேறு கருத்துடைய அறிஞர்கள் உண்டு என்பதை அறிவோம். ஆயினும் நம் நிலை மாறவில்லை. அந்தப் பையனிடமும் அதை மறைக்கவில்லை. ஆனால் ஒருவன் கிட்டார் வாசிப்பது நமக்கு உவப்பில்லை என்பதற்காக அவனைத் திருடன் என்று அழைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. அது தனிக் குற்றச்சாட்டு. அதற்குத் தனிச் சான்று வேண்டும். சான்றின்றிச் சுமத்துவதற்கு நம் மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை நம் மாணவர்களுக்கே நாம் பாடமாக நடத்தி வருகிறோம். ஒரு தவற்றைத் திருத்தப் போன இடத்தில் நாம் இன்னொரு தவற்றைச் செய்யலாமா?

அந்தத் தாள்களில் இருந்தவை என்ன? அவற்றை 'டேப்லேச்சர்' என்பர், சுருக்கமாக 'டேப்'. ஒலிநாடாவையும் நம்மவர் டேப் என்றே சொல்வதால் குழம்ப வேண்டா, இது எழுத்து. ஆறு கோடுகளும் கிட்டாரின் ஆறு தந்திகள். அடிக்கோடு மிகத் தடித்த தந்தி. மேற்கோடு மிக மெல்லியது. கோட்டின் மேலுள்ள எண், எத்தனையாவது ஃப்ரெட்டில் விரலை வைத்து அழுத்த வேண்டும் என்பதைக் காட்டும். பூச்சியம் என்றால் விரல் வைக்காமல் மீட்டுவது. அவ்வளவே. மேலைநாட்டு இசைக்குறிப்பு எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்று சொல்லும். டேப் விரல் எங்கே என்று மட்டும் சொல்லும். கணினித் தட்டச்சில் எழுதப்படும் சாதாரண டேப்பில் கால அளவுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. பாட்டை முன்பே கேட்டிராத ஒருவன் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. வெனிஸ் நகரில் பெட்ரூச்சி என்பார் 1507ஆம் ஆண்டிலேயே லூட் என்னும் கருவிக்கான டேப்லேச்சரை அச்சிட்டு விற்றார். லூட் என்ற பெயரே 'அல்-ஊத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து போனது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, ஊத் கருவியின் ஒலிகளை அரபு எழுத்துகளால் குறித்து வைத்தார். கேட்டதைக் குறித்து வைப்பது களவென்றால் அந்தப் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது என்று நம் நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பையனின் தாள்களில் இருந்தவை பெரும்பாலும் கனடாவின் பழைய ராக் பாடல்கள். தி கெஸ் ஹூ, ரஷ், நீல் யங், ஜோனி மிச்சல். இப்பெயர்கள் நமக்குப் பழக்கமில்லாதவை; ஆனால் தீர்ப்புச் சொல்ல வந்தவர் வழக்கைப் படிக்காமல் இருக்கலாகாது என்பதால் சில நாள் படித்தோம். படித்தபோது நாம் எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத சான்றுகள் கிடைத்தன.

நீல் யங் 1969இல் வெளியிட்ட 'சினமன் கேர்ள்' என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் தனி வாசிப்பு பெயர் பெற்றது. அதன் டேப்பைப் பார்த்தால் ஒரே கோட்டில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். காரணம், அவர் அங்கே வாசிப்பதே ஒரே சுரம்தான். எழுதியவன் எண்ணைப் பிடித்துவிட்டான். ஆனால் அந்த ஒரு சுரத்தைக் கேட்பவர் காதில் நிற்கச் செய்வது எதுவோ, அது தாளில் இல்லை. இதற்கும் மேலாக, அப்பாடலுக்கு அவர் கிட்டாரின் இரு ஓரத் தந்திகளையும் வழக்கத்தைவிட ஒரு படி இறக்கிச் சுருதி கூட்டியிருந்தார். இதை அறியாதவன் அதே எண்களில் விரல் வைத்தாலும் வேறெதுவோதான் ஒலிக்கும். ஆக, களவு போனதாகச் சொல்லப்படும் பொருள் எங்கே இருக்கிறது? பாடல் பதிவில் இருக்கிறது, பாடியவர் கையில் இருக்கிறது. தாளில் இருப்பது வழிக்குறிப்பு மட்டுமே. குர்ஆனைக் கையில் வைத்திருப்பவரெல்லாம் காரியல்லர் என்பதை அறிந்த சமுதாயத்திற்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜோனி மிச்சலின் செய்தி இன்னும் வியப்பானது. சிறுமியாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் தாக்கி இடக்கை வலுவிழந்ததால், வழக்கமான விரலமைப்புகள் அவருக்கு எளிதாக இல்லை. எனவே தந்திகளையே தம் கைக்கேற்ப வெவ்வேறாகச் சுருதி கூட்டி, டஜன் கணக்கில் தமக்கென்று முறைகள் வைத்திருந்தார். வெளியிலிருந்து கேட்பவர் அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒவ்வொரு தந்தியாகத் திருகிப் பார்த்து, அவற்றை மீட்டெடுத்தோர் அவருடைய இரசிகர்கள். அவர்கள் எழுதிய குறிப்புகளை அவர் பெயரில் இயங்கும் இணையத்தளமே தொகுத்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது.

கேட்டு எழுதுவது எவ்வளவு வேலை என்பதை அந்தப் பையனிடம் கேட்டறிந்தோம். நான்கு விநாடிப் பகுதி ஒன்றை நாற்பது முறை ஓடவிட்டுக் கேட்பானாம். எந்தத் தந்தி என்று ஊகிப்பான், வாசித்துப் பார்ப்பான், பொருந்தாது, அழிப்பான். ஹிஃப்ழு வகுப்பில் ஓர் ஆயத்தை இப்படி நாற்பது முறை கேட்க அவன் இசைந்தால் நம் மனம் குளிரும் என்று அவனிடமே சொன்னோம். அது வேறு விஷயம். ஆனால் இதைத் திருடுபவனின் வேலை என்று எவர் சொல்வார்? திருடுபவன் உழைப்பைத் தவிர்ப்பவன்.

இனி, இந்தக் 'களவு' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் உலமாக்களிடமிருந்து வரவில்லை. அமெரிக்க இசைப் பதிப்பு நிறுவனங்களிடமிருந்து வந்தது. 1992இல் லாஸ் வேகஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழகக் கணினியொன்றில் 'ஓல்கா' என்ற பெயரில் கிட்டார் குறிப்புகளின் இலவசத் தொகுப்பு ஒன்று உருவானது. உலகெங்குமுள்ள இளைஞர்கள் தாம் கேட்டெழுதியதை அதற்கு அனுப்பினர். பிறர் எழுதியதைத் திருத்தினர். எவரும் காசு வாங்கவில்லை. 1996இல் ஒரு பெரும் இசைப் பதிப்பு நிறுவனத்தின் கடிதம் வந்தது. பல்கலைக்கழகம் அதை அகற்றியது. வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. 1998இல் இன்னொரு கடிதம். 2005 முடிவில், இத்தகைய தளங்களை நடத்துவோர் சிறைக்கும் போக வேண்டும் என்ற அளவுக்குப் பதிப்பாளர் சங்கத்தின் தலைமை பேசியது. 2006இல் வந்த வக்கீல் நோட்டீசோடு ஓல்கா ஓய்ந்தது. பதினான்கு ஆண்டுகள் எத்தனையோ பேர் கேட்டுத் திருத்திய குறிப்புகளை வழக்கு மன்றம் ஏறாமலேயே கடிதங்கள் மூடிவைத்தன.

அதன்பின் நடந்ததுதான் நமக்கு மிகவும் உறுத்துகிறது. ஓல்காவின் இடத்தை வணிகத் தளங்கள் பிடித்தன. அவற்றுள் மிகப் பெரியது 2010இல் பதிப்பாளர்களோடு உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கும் குறிப்புகளை எழுதிக் குவித்தோர் பெரும்பாலும் கூலி பெறாத இளைஞர்களே. விளம்பரமும் சந்தாவும் தளத்துக்கு; உரிமத் தொகை பதிப்பாளர்க்கு. நாற்பது முறை கேட்டு எழுதிய பையனுக்கு? ஒன்றுமில்லை. இலவசமாகக் கொடுத்தபோது களவாக இருந்தது, பணம் கைமாறியதும் நேர்மையாகிவிட்டது! உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பேசுவோர், இந்தக் கணக்கில் எவர் பக்கம் நின்று பேசுகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தார்களா?

கனடாவைப் பொறுத்தவரை இவ்வழக்கிற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1971 சனவரி 18 முதல், இந்நாட்டு ஏஎம் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30 விழுக்காடு கனடாவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று ஒலிபரப்பு ஆணையம் விதித்தது. அமெரிக்கப் பாட்டின் வெள்ளத்தில் உள்ளூர்ப் பாட்டு மூழ்கிவிடக் கூடாது என்பது நோக்கம். விதி பலனளித்தது. மருத்துவமனைக் காத்திருப்பறையிலும் முடிதிருத்தும் கடையிலும் டிரக்கிலும் மக்கள் இப்பாடல்களைக் கேட்டே வளர்ந்தனர். அலைவரிசை பொதுச்சொத்து, அதில் இவை ஒலிக்க வேண்டும் என்று மக்கள் பெயரால் அரசு ஆணையிட்டது. கேள், கேள் என்று ஒரு தலைமுறையைக் கேட்க வைத்தபின், கேட்டவன் தன் காதில் விழுந்ததை எண்களாக எழுதினால் அவன் கையைப் பிடிப்பதா?

இவ்விடத்தில் 'அமெரிக்கன் உமன்' என்ற பாடலின் பிறப்பைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. தி கெஸ் ஹூ வினிபெக் நகரக் குழு. ஒன்ராறியோவில் ஒரு கச்சேரியின் நடுவே கிட்டார் கலைஞர் ரேண்டி பாக்மனின் தந்தி அறுந்தது. புதுத் தந்தி மாட்டிச் சுருதி சேர்க்கையில் விரல்களில் ஒரு புது இசைத்தொடர் வந்து விழுந்தது. மறந்துவிடக் கூடாதே என்று அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். மற்றவர்கள் மேடையேறிச் சேர்ந்துகொண்டனர். பாடகர் பர்ட்டன் கம்மிங்ஸ் அந்த நொடியில் வாயில் வந்ததைப் பாடினார். எவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு பையன், எவரிடமும் அனுமதி பெறாமல், ஒலிநாடாக் கருவியில் கச்சேரியைப் பதிவு செய்துகொண்டிருந்தான். குழுவினர் அவனைப் பார்த்தனர். அந்த நாடாவைக் கேட்டு வாங்கினர். அதை ஓடவிட்டுக் கேட்டுத்தான் தங்கள் சொந்தப் பாட்டின் சொற்களைத் தாங்களே எழுதிக்கொண்டனர்! 1970 மே மாதம் அப்பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

இது நடந்த இடம் கிச்னர் நகரம் என்பது பாக்மனின் நினைவு. கம்மிங்ஸோ, ஸ்கார்பரோவின் புரூம் அண்ட் ஸ்டோன் என்னும் கர்லிங் அரங்கம் என்கிறார். அவர் நினைவு சரியாயின், நாம் பாடம் நடத்தும் இதே ஊரில்தான் அந்தப் பையன் அந்த நாடாவோடு நின்றிருக்கிறான். அன்று அவனிடமிருந்து கருவியைப் பறித்து, திருடன் என்று வெளியே தள்ளியிருந்தால் அந்தப் பாட்டு அங்கேயே போயிருக்கும். இன்று அதன் மேல் உரிமை கொண்டாட எவருக்கும் எதுவும் இருந்திராது.

பாக்மன் தாமும் அப்படிக் கற்றவரே. சிறுவயதில் வயலின் படித்தார். தாளைப் பார்த்து வாசிப்பதைவிடக் கேட்டதைக் கேட்டபடி வாசிப்பதே அவருக்குக் கைவந்தது. பின்னர் வினிபெக்கில் லென்னி ப்ரோ என்ற வல்லுநரின் அருகிலிருந்து, அவர் விரல்களைப் பார்த்துப் பார்த்து கிட்டார் கற்றார். அங்கே எந்தப் பதிப்பாளரும் வந்து கட்டணம் கேட்கவில்லை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. நம் நண்பரான ஆலிம் சுட்டியது சரியானதே: 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பாளர் உரிமை முதலியவை மார்க்கத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. இதை நாம் முழுமையாக ஏற்கிறோம். பிறர் நூலை நகலெடுத்து விற்பவன், திரைப்படத்தைக் களவாக இறக்கிப் பார்ப்பவன், கணினி மென்பொருளைப் பூட்டுடைத்துப் பயன்படுத்துபவன் ஆகியோரை நோக்கி நாம் மிம்பரிலிருந்தே பேசியிருக்கிறோம். (அவ்வாறு பூட்டுடைத்த மென்பொருளில்தான் நம் பயான்களின் சில சுவரொட்டிகள் தயாராகின்றன என்பதையும் இங்கே பதிந்து வைப்போம்.)

ஆனால் படைத்தவனுக்கு உரிமை உண்டு என்பதிலிருந்து, அவன் படைப்பைப் பற்றிய ஒவ்வோர் எழுத்தும் பதிப்பாளருடையது என்பது எப்படிப் பெறப்படும்? இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. இந்நாட்டுச் சட்டமே அந்த இடைவெளியை ஒப்புக்கொள்கிறது. 2004இல் கனடா உச்ச நீதிமன்றம், டொராண்டோவின் சட்ட நூலகம் ஒன்று நகலெடுத்துக் கொடுத்தது பற்றிய வழக்கில், நியாயமான பயன்பாடு என்பது சட்டத்தில் போனால் போகட்டுமென விடப்பட்ட சந்து அன்று, அது பயன்படுத்துவோரின் உரிமை, அதைக் குறுக்கிப் பொருள் கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. ஆராய்ச்சியும் தனிப்பட்ட படிப்பும் அவ்வுரிமைக்குள் அடங்கும். 2012இல் கல்வியும் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு பையன் தன் அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டு, கற்றுக்கொள்வதற்காக எழுதி வைப்பது படிப்பில்லையென்றால் வேறெதுதான் படிப்பு?

படைத்தவன் பெயரால் பேசுவோர் படைத்தவனிடம் எப்படி நடந்துகொள்கின்றனர் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். பிரையன் ஆடம்ஸ் கனடாவின் மிகப் புகழ்பெற்ற ராக் பாடகர்களுள் ஒருவர். 2018இல் அவர் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் நின்று கேட்டது இதுதான்: கலைஞன் எழுதிக்கொடுத்த உரிமை, அவன் இறந்து 25 ஆண்டுகள் கழித்துத் திரும்புவது என்றிருப்பதை, எழுதிக்கொடுத்து 25 ஆண்டுகளில் திரும்புவதாக மாற்றுங்கள் என்றார். அதாவது, உயிரோடிருக்கையில் தன் பாட்டைத் தன் கையில் பார்க்க வேண்டும் என்றார். கிடைத்ததா? 2022 முடிவில் வந்த மாற்றம் பதிப்புரிமைக் காலத்தை, படைத்தவர் இறந்தபின் 50 ஆண்டுகள் என்பதிலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டியது. மையித்துக்கு எழுபது ஆண்டுகள் உரிமை! அந்தக் காசை எண்ணுபவர் எவரென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான களவு எப்படி இருக்கும் என்பதற்கும் பாக்மனிடமே சான்று உண்டு. இளவயதில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கிய ஆரஞ்சு நிற கிரெட்ச் கிட்டார், 1976இல் டொராண்டோவின் ஒரு விடுதி அறையிலிருந்து களவு போனது. பல ஆண்டுகள் தேடினார். 2020இல் ஓர் இரசிகர், மரத்தின் இரேகைகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, அது டோக்கியோவில் ஓர் இசைக்கலைஞரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். விவரமறியாமல் கடையில் வாங்கியிருந்த அந்த மனிதர், அதே போன்ற வேறொரு கிட்டாரைப் பெற்றுக்கொண்டு, 2022 சூலை 1 அன்று உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். பாதுகாப்பான இடத்திலிருந்து பிறர் பொருளை மறைவாக எடுப்பது என்று ஃபிக்ஹு நூல்கள் களவுக்குச் சொல்லும் இலக்கணம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. அறை இருந்தது, மறைவு இருந்தது, இழந்தவர் 46 ஆண்டுகள் இழந்தே இருந்தார். இந்தப் பையன் எழுதிய தாளால் பாக்மன் எதை இழந்தார்? அந்தப் பாட்டு அன்று மாலையும் அவரிடம்தானே இருந்தது?

நிற்க. அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புவோம். நாம் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவற்றுள் ஆறு தாள்கள், கடையில் விற்கும் ஓர் இசை நூலின் பக்கங்களை எவரோ அப்படியே வருடி இணையத்தில் போட்டவை. அடியில் நூலின் பக்க எண்கூட இருந்தது. அந்த ஆறையும் பிரித்தெடுத்து, "இவை வேறொருவர் கூலி வாங்கிச் செய்த வேலை, நூல் இன்னும் விலைக்குக் கிடைக்கிறது, இவற்றை நீ வைத்துக்கொள்வது சரியன்று" என்றோம். அவன் மறுக்கவில்லை. அவனே கிழித்தான். மீதமுள்ளவற்றைக் கட்டித் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தோம். மேலே இருந்த தாளில் பென்சிலால் எழுதிய எண்கள்; ஓர் இடத்தில் ஏழை அடித்து ஒன்பது, ஒன்பதை அடித்து மீண்டும் ஏழு என்று இருந்தது. தந்தை அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது உன் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார்.

கிட்டாரைப் பற்றிப் பேச வேண்டியது இன்னும் இருக்கிறது. அதற்காக இருவரையும் அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். பயானைப் பகிர்ந்த நண்பர்களும் வரலாம்.